மரத்தின் மேல் எந்த மிஷின்? டாப் ஹேண்டில் செயின்சா வாங்கும் முன்

“அண்ணே, சிங்கப்பூர்ல எட்டு வருஷம் மரம் கழிக்கிற வேலை. ஊருக்கு வந்துட்டேன், சொந்தமா மிஷின் எடுக்கணும். ஸ்டில் 201 எடுக்கவா, பேட்டரி எடுக்கவா, இல்ல அந்தச் சின்ன எக்கோவே போதுமா?”

மரம் ஏறிக் கழிக்க எந்தக் கம்பெனியின் செயின்சா என்ற இதே கேள்வி, கொஞ்ச நாளாக வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் கோயம்புத்தூரில் கல்லூரி வளாகங்களுக்குக் கிளை கழிக்கிறார். ஒருவர் பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டோரத் தென்னைகளை மேலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறார். இன்னொருவர் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார், அடுத்த விடுமுறையில் மிஷினைக் கையோடு கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுகிறார். (அது அவ்வளவு எளிதில்லை. கடைசியில் சொல்கிறேன்.) ஒவ்வொருவருக்கும் எழுதிய பதில்களைச் சேர்த்தால் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. டாப் ஹேண்டில் என்பது தரையில் நின்று விறகு அறுப்பதற்கான மிஷின் இல்லை. சாதாரண செயின்சாவில் ஆக்சிலரேட்டர் பின்கைப்பிடியில் இருக்கும். இதில் கைப்பிடி எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் மிஷின் குட்டையாகிறது, கிளைகளுக்கு நடுவே திருப்ப வசதி. ஆனால் இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள தூரமும் குறைந்துவிடுகிறது. பாரின் (செயின் சுற்றிவரும் நீள இரும்புப் பட்டையின்) மூக்கு மேல்பாகம் எதிலாவது பட்டு மிஷின் திருப்பி உதைத்தால், அதை அடக்கக் கைக்குக் கிடைக்கும் பலம் குறைவு. ‘சின்னதாக, அழகாக இருக்கிறது’ என்று தோட்டத்துக்கு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: வேண்டாம், பின்கைப்பிடி மிஷினே எடுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

கடைக்குப் போனால் எத்தனை சிசி, எத்தனை கிலோவாட் என்றுதான் பேச்சு தொடங்கும். நானும் முதல் மிஷினை அப்படித்தான் வாங்கினேன், கடையில் இருந்ததிலேயே பலமானதை. ஒரு வாரத்தில் இடது இடுப்பு பேச ஆரம்பித்தது. அப்புறம் ஒருநாள், கீழே நிற்கிற பையனிடம் போனைக் கொடுத்து, செயின் ஓடுகிற நேரத்தை மட்டும் கணக்கு வைக்கச் சொன்னேன். மேலே இருந்தது இரண்டு மணி நேரம். செயின் ஓடியது கால் மணி நேரம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் ஏறுவது, கயிறு மாற்றுவது, கிளைக்குக் கயிறு கட்டுவது, கீழே ஆள் விலகுகிறாரா என்று பார்ப்பது. மிஷின் அறுத்ததைவிட இடுப்பில் தொங்கியதுதான் அதிகம்.

அன்றிலிருந்து என் முதல் அளவுகோல் எடைதான். அதுவும் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடை இல்லை. அது பார், செயின், பெட்ரோல், ஆயில், பேட்டரி எதுவும் இல்லாத வெற்று எடை. மரம் ஏறி அறுக்கும் செயின்சாக்களுக்கான ஐஎஸ்ஓ 11681-2 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் 4.3 கிலோ உச்ச வரம்பும் இதே கணக்கில்தான். நமக்கு வேண்டியது எல்லாம் நிரப்பி, இடுப்பு வளையத்தில் மாட்டிய எடை.

இரண்டாவது, நீங்கள் அடிக்கடி அறுக்கும் கிளையின் பருமன். மாதத்தில் ஒருமுறை வரும் பெரிய அடிமரத்துக்காக மிஷின் தேர்ந்தெடுப்பது, வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளிக்காக வீடு கட்டுகிற மாதிரி.

மூன்றாவது, மேலே நின்றுகொண்டு எத்தனை முறை அணைத்து அணைத்து மூட்டுகிறீர்கள் என்பது. நான்காவது, கெட்டுப்போனால் உங்கள் ஊரில் யார் கழற்றுவார்? ஐந்தாவது, பெட்ரோலோ மின்சாரமோ, வேலை நடக்கும் இடத்தில் எது தடையில்லாமல் கிடைக்கும்? ஆறாவது சத்தமும் அதிர்வும். இதை இளவயதில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு உத்தரவு, கைக்கு வரும் அதிர்வு எட்டு மணி நேரச் சராசரியில் 2.5 மீ/வி² ஆனாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. காரணம், வருஷக்கணக்கில் அதிர்வு வாங்கிய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும். போன உணர்வு முழுதாகத் திரும்புவது அரிது.

பெரிய பெட்ரோல்: ஸ்டில் எம்எஸ் 201 டிசி-எம், ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி

மரம் ஏறுகிறவர்களிடம் ‘எது நல்ல மிஷின்?’ என்று கேட்டால் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஸ்டில் 35.2 சிசி, 1.8 கிலோவாட், வெற்று எடை 3.7 கிலோ. ஹஸ்க்வர்னா 37.7 சிசி, அதே 1.8 கிலோவாட், 3.9 கிலோ. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தவருக்கு வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கையில் உட்காரும் விதம்தான் வேறு. அதனால் இந்த இரண்டுக்குள் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், எதன் டீலர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ அதை எடுங்கள்.

12 அல்லது 14 அங்குல பார், 3/8 லோ புரொஃபைல் செயின் (பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, 3/8 அங்குலம்; பல் தாழ்வாக இருக்கும்) போட்டால், புளியங்கிளையும் நன்றாகக் காய்ந்த வேம்பும்கூடத் திணறாமல் போகும். ஓர் அடி விட்டமுள்ள தூங்குமூஞ்சிக் கவையை மேலிருந்து இறக்கும்போது இந்த பலத்தின் அருமை தெரியும். வெட்டு வேகமாக முடிந்தால் கிளை பாதியில் பிளந்து கிழிவது குறையும். அது பாதுகாப்பும்கூட.

எடைக்கு வருவோம். 3.7 கிலோவோடு பாரும் செயினும் சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பெட்ரோலும் ஆயிலும் நிரப்பினால் இன்னும் அரைக் கிலோவுக்குப் பக்கம். ஆக ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ இடுப்பில்.

மறைந்திருக்கும் செலவு கார்புரேட்டரில் இருக்கிறது. ஸ்டிலில் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன். எரிபொருள் கலவையை மிஷினே மின்னணு முறையில் சரிசெய்துகொள்ளும். மலை மேலே போனாலும், ஏர் ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். நல்ல விஷயம்தான். ஆனால் திருகித் திருகி டியூன் செய்ய அங்கே ஸ்க்ரூ கிடையாது. கோளாறு என்று வந்தால் கம்பெனியின் கணினிக் கருவி வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். உங்கள் ஊர் பம்பு செட் மெக்கானிக், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கையை விரித்துவிடுவார். சர்வீஸ் சென்டர் 20 கிலோமீட்டரில் என்றால் பிரச்சினையில்லை. 150 கிலோமீட்டர் என்றால் இரண்டு நாள் கூலி போச்சு, கூட வரும் ஆட்களின் கூலியும் சேர்த்து.

பழைய எம்எஸ் 200 டி-யைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருப்பது இதனால்தான். அதுவும் 35.2 சிசிதான், ஆனால் ஸ்க்ரூ வைத்த கார்புரேட்டர். புகை விதிகள் இறுகிய காலத்தில் அதன் இடத்துக்கு 201 வந்தது. செகண்ட் ஹேண்டில் நல்ல 200 டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் போலி சிலிண்டர், போலி பிஸ்டன் மாட்டிய உடம்புகளும் அதே பெயரில் சுற்றுகின்றன. திறந்து பார்க்கத் தெரியாதென்றால் அதன் கிட்டேயே போகாதீர்கள்.

நடுத்தரம்: எம்எஸ் 194 டி

31.8 சிசி, 1.4 கிலோவாட், 3.3 கிலோ. சாதாரண கார்புரேட்டர், யாரும் கழற்றலாம். 201-ஐவிட மெதுவாக அறுக்கும். பலருக்கு அது சப்பென்று இருக்கும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் மரம் ஏறி, மற்ற நாள் வேறு வேலை பார்க்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்லும் மிஷின் இது. சொல்ல வேறொன்றும் இல்லை. குறை சொல்ல முடியாத, பெருமை பேசவும் முடியாத மிஷின்.

குட்டி பெட்ரோல்: எக்கோ சிஎஸ்-2511டிஇஎஸ்

25 சிசி, வெற்று எடை 2.3 கிலோ. எல்லாம் நிரப்பினாலும் மூன்று கிலோவுக்குச் சற்று மேலேதான். 201-ஐ இறக்கி வைத்துவிட்டு இதை மாட்டிக்கொண்டு ஏறினால், மிஷினைக் கீழேயே மறந்துவிட்டோமோ என்று ஒருமுறை இடுப்பைத் தடவிப் பார்ப்பீர்கள்.

கிளையின் நுனிப்பக்கம் நடந்துபோய்க் கழிக்கும் வேலை, மா, கொன்றை, வேம்பு கவாத்து, மின்கம்பி ஓரத்துக் கிளை விலக்கல் எல்லாவற்றுக்கும் இதுவே நிறையப் போதும். மின்கம்பி வேலை என்றால் மின்வாரியம் லைனை நிறுத்திய பிறகுதான், அதைச் சொல்லத் தேவையில்லை. ஆறு அங்குலம் வரை வேகத்தில் குறை தெரியாது. எட்டு, ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் பொறுமை வேண்டும். ‘சின்ன மிஷின்தானே’ என்று அமுக்கினால் எஞ்சின் இறங்கும், கிளட்ச் சூடாகும். செயினே தன் எடையில் தின்னட்டும் என்று விட வேண்டும்.

ஸ்டிலிலும் இதே வகுப்பில் 23.6 சிசி எம்எஸ் 151 டிசி-இ உண்டு. அதில் கால் அங்குல பிட்ச் செயின். மெல்லிய செயின், மரத்தில் குறுகலான பாதைதான் போடும், அதனால் சின்ன எஞ்சினுக்குச் சுமை குறைவு. வெட்டு முகம் வழவழவென்று இருக்கும், மரத்துக்கும் நல்லது. ஆனால் பல் சின்னது. அரம் போட 3.2 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். 3/8 லோ புரொஃபைலுக்குப் போடும் 4 மில்லிமீட்டர் அரத்தை வைத்துத் தேய்த்தால் பல் போயே போச்சு. வாங்கும்போதே மூன்று நான்கு அரமும் இரண்டு உபரிச் செயினும் சேர்த்து எடுத்துவிடுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் இந்தச் செயின் சுலபத்தில் சிக்காது.

தென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். தென்னையின் வெளிவட்டம்தான் கடினம், நடு மிருது. நார் செயினுக்குள் போய் அடைக்கும், மரத்தில் இருக்கும் சிலிக்கா செயினின் கூர்மையைச் சீக்கிரம் தின்னும். காற்றில் ஒட்டிய மண் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த தோப்புகளில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும், அறுத்ததைவிட அரம் போட்டதுதான் அதிகம் என்பார். இப்படிப்பட்ட வேலைக்குக் கால் அங்குலச் செயின் வேண்டாம். 3/8 லோ புரொஃபைல் போட்ட நடுத்தர அல்லது பெரிய மிஷினே சரி.

பேட்டரி: ஹஸ்க்வர்னா டி540ஐ எக்ஸ்பி, ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். டி540ஐ-யின் எடை 2.5 கிலோ, எம்எஸ்ஏ 161 டி 2.1 கிலோ என்று போட்டிருக்கும். ஆகா என்று தோன்றும். அது பேட்டரி இல்லாத எடை. 188 வாட்-மணி பேட்டரி ஒன்றே 1.3 கிலோ பக்கம். பார், செயின், ஆயில் சேர்த்தால் ஹஸ்க்வர்னா நாலரைக் கிலோவைத் தொடுகிறது. 201-க்கும் இதற்கும் கால் கிலோ வித்தியாசம்தான். ‘பேட்டரி என்றால் லேசு’ என்று நினைத்து வாங்காதீர்கள். வாங்கக் காரணங்கள் வேறு.

முதல் காரணம், மூட்டுவது. 15 மீட்டர் உயரத்தில் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டு, சூடான எஞ்சினின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். பேட்டரியில் பட்டன், பிறகு ஆக்சிலரேட்டர், அவ்வளவுதான். அறுக்காத நேரத்தில் மிஷின் அணைந்தே இருக்கிறது. ஐட்லிங்கில் ஓடும் மிஷினைத் தொடையோரம் தொங்கவிட்டபடி நகர்கிற கெட்ட பழக்கமும் போய்விடும்.

இரண்டாவது, சத்தம். பெட்ரோல் மிஷின் ஓடும்போது கீழே இருப்பவர் கத்துவது மேலே கேட்காது. பேட்டரியில் இடையிடையே பேசிக்கொள்ளலாம். மருத்துவமனை, பள்ளி, காலை ஏழு மணிக்கு அபார்ட்மெண்ட் என்றால் வாடிக்கையாளரே இதைக் கேட்டு வாங்கும் காலம் வருகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. சத்தமில்லாத மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது, சில நேரம் உங்களுக்கே தெரியாது. கையுறை ஆக்சிலரேட்டரில் பட்டால் ஓடிவிடும். செயின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் இடுப்பில் விட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓடும்? கணக்கு எளிது. மிஷின் ஒரு கிலோவாட் வேகத்தில் இடைவிடாமல் இழுத்தால் 188 வாட்-மணி பேட்டரி 11 நிமிடம் தாங்கும். பயமாக இருக்கிறதா? மேலே சொன்ன கால் மணி நேரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கவாத்து வேலையில் ஒரு பேட்டரி ஒரு மரத்துக்குப் பெரும்பாலும் போதும். முழு மரத்தையும் இறக்கும் நாளில் போதாது. மூன்று பேட்டரியும் ஒரு வேகச் சார்ஜரும் இல்லாமல் முழுநாள் தொழிலுக்கு இறங்க வேண்டாம். அந்த மூன்றும் சார்ஜரும் சேர்ந்து மிஷின் விலையைத் தாண்டிப் போகலாம். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் போகாது என்பதால், மிஷின் தேர்வு என்று நினைத்து நீங்கள் செய்வது உண்மையில் பேட்டரித் தேர்வு.

வெயில் இன்னொரு செலவு. மதிய வெயிலில் நிறுத்திய டெம்போவுக்குள் வைத்த லித்தியம் பேட்டரி சார்ஜரில் போட்டால் ஏறாது, ஆறும்வரை சார்ஜர் காத்திருக்கும். தினம் அப்படி வைத்தால் அதன் ஆயுளும் குறையும். தெர்மாகோல் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஐஸ் போடாமல். மின்சாரம் எங்கிருந்து என்பதையும் யோசியுங்கள். வளாக வேலையில் பிளக் கிடைக்கும். தோப்புக்குள் கிடைக்காது.

ஆன்லைன் ‘2500’ மிஷின்கள்

ஜப்பானின் ஸெனோவா ஜி2500 மாதிரியைப் பார்த்துச் செய்த 25.4 சிசி சீன மிஷின்கள் பல பெயர்களில், நல்ல மிஷின் விலையில் மிகச் சின்னப் பங்குக்குக் கிடைக்கின்றன. எஞ்சின் ஓடும், அதில் சந்தேகமில்லை. என் கவலை செயின் பிரேக். மூக்கு உதைத்தால் அது நொடியின் சிறு பங்கில் பிடிக்க வேண்டும். மேலே நிற்கிற எனக்கு ‘பிடித்தாலும் பிடிக்கும்’ என்பது போதாது. தரையில் பழகுவதற்கு வாங்கலாம் என்பார்கள். தரையில் டாப் ஹேண்டிலே வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

ஒரே பார்வையில்

| | பெரிய பெட்ரோல் (201, டி540) | நடுத்தரம் (194) | குட்டி பெட்ரோல் (2511) | பேட்டரி (டி540ஐ) |
|---|---|---|---|---|
| வெற்று எடை | 3.7–3.9 கிலோ | 3.3 கிலோ | 2.3 கிலோ | 2.5 கிலோ, பேட்டரி தனி |
| இடுப்பில் தொங்கும் எடை (ஏறத்தாழ) | 4¾–5 கிலோ | 4¼ கிலோ | 3 கிலோவுக்கு மேல் | 4½ கிலோ |
| நிம்மதியாக அறுக்கும் பருமன் | ஓர் அடி வரை | 9–10 அங்குலம் | 6–7 அங்குலம் | 9–10 அங்குலம் |
| மேலே மூட்டுவது | கயிறு | கயிறு | கயிறு | பட்டன் |
| உள்ளூர் மெக்கானிக் | முடியாது | முடியும் | முடியும் | முடியாது |
| மறைந்த செலவு | சர்வீஸ் சென்டர் பயணம் | நேரம் | பெரிய கிளைக்கு வேறு மிஷின் | கூடுதல் பேட்டரி, சார்ஜர் |

பருமன் வரிசை என் கை அனுபவம். கூர் மழுங்கிய செயினோடு 201-கூட ஆறு அங்குலத்தில் புகை விடும்.

பெட்ரோலில் ஒரு புதுத் தொல்லை

இந்தியாவில் 2025-இல் பம்புகளுக்கு 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்துவிட்டது. ஆனால் டூ-ஸ்ட்ரோக் செயின்சாக்களின் கையேடுகளில் பெரும்பாலும் 10 விழுக்காடு வரைதான் அனுமதி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட வைத்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், கலந்த ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். மிஷின் அடியிலிருந்து உறிஞ்சுவது ஆயில் இல்லாத கலவையை. கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரமும் விறைக்கும். ஐரோப்பாவில் மரம் ஏறுகிறவர்கள் பலர் இதற்காகவே கேனில் வரும், எத்தனால் கலக்காத ஆல்கைலேட் பெட்ரோல் வாங்குகிறார்கள்.

நான் செய்வது: ஒரு லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 50-க்கு 1, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பது. வாரக்கணக்கில் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக அணையும்வரை ஓடவிட்டு வைப்பது. மாதம் நாலு நாள் மட்டும் ஏறுகிறவருக்குப் பேட்டரி லாபம் என்று நான் சொல்லக் காரணம் இதுதான். சும்மா கிடப்பது பெட்ரோல் மிஷினுக்குத்தான் ஆகாது.

யாருக்கு எது

கோயம்புத்தூர் வளாகக்காரருக்குப் பேட்டரி. பிளக் பக்கத்தில், வகுப்பு நடக்கும் நேரம், வேலையில் முக்கால்வாசி கவாத்து. ஒரு பின்கைப்பிடி பெட்ரோல் மிஷின் கீழே வண்டியில் இருக்கட்டும். அடிமரம் வரும்போது அதைத் தனிக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு 194 டி. டீலர் தஞ்சாவூர் போய்வரும் தூரத்தில் இருந்தால் 201. பேட்டரி அவருக்கு ஆகாது.

கிளை நுனி வேலையே தொழில் என்றால் குட்டி எக்கோ. இரண்டு மிஷின் வாங்கக் காசிருப்பவருக்கும் முதல் மிஷின் அதுவே, இரண்டாவது 201 அல்லது டி540. ஒரே மிஷினில் எல்லாம் முடிக்க வேண்டும், சர்வீஸ் சென்டரும் அருகில் இருக்கிறது என்றால் மட்டும் 201-இல் தொடங்குங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டு கையால் பிடித்து, ஏறும் கயிற்றோடு இடுப்புக் கயிறும் மரத்தைச் சுற்றிப் போட்ட பிறகுதான் செயின் சுற்ற வேண்டும். அமெரிக்காவின் ஆன்சி இசட்133 தரமும் மேலே செயின்சா ஓட்டும்போது இரண்டாவது பிடிப்பு வேண்டும் என்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுக்கிறவர்களின் இடது கைத் தழும்பைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நல்ல வளைந்த கைரம்பம் ஒன்று. இரண்டு அங்குலக் கிளைக்கு மிஷினை மூட்டும் நேரத்தில் அது அறுத்து முடித்துவிடும்.

சிங்கப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது. இந்த மிஷின்களுக்குத் தொழிலில் போடும் பேட்டரிகள் பெரும்பாலும் 187, 188 என்று தொடங்கி மேலே போகின்றன. வெறும் மிஷினை அங்கே வாங்கிவந்து பேட்டரியை இங்கே வாங்கலாம், ஆனால் அதே வரிசை பேட்டரி இங்கே டீலரிடம் இருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். பெட்ரோல் மிஷின் என்றால் ஒருமுறைகூடப் பெட்ரோல் ஊற்றாத, பெட்டி பிரிக்காத புது மிஷினாக இருந்தால் பேசிப் பார்க்கலாம். ஓட்டிய மிஷினில் பெட்ரோல் வாசனை இருந்தாலே விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.